கல்யாண வீட்டுக்கு ஓர் ஆலோசகர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில், சிவில் துறை 2009-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் போன மாதம் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசணும்ப்பா, உனக்குத் தெரிந்ததைப் பேசு" என்றார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கான்கிரீட் பற்றிப் பேசுவேன்னு நினைச்சோம்" என்றார் செயலாளர். கான்கிரீட்டும் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திருமணத்துக்கு ஒரு 'ஸ்டைலிஸ்ட்' வைத்துக்கொள்வது, அதாவது யார், எந்தச் சடங்குக்கு, எதை உடுத்த வேண்டும், எதோடு சேர்த்து உடுத்த வேண்டும் என்று யோசித்துச் சொல்ல, படித்த ஆள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது பற்றித்தான் பேசப் போகிறேன். முன்வரிசையில் சில பெரியவர்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

முதலில் என் கல்யாணக் கதை. 2017 மே மாதம், திருச்சி. கத்திரி வெயில். ரிசப்ஷனுக்கு மெரூன் நிறத்தில் ஒரு கோட்டு, இணையத்தில் பார்த்து நானே ஆர்டர் செய்தது. மேடை அலங்காரக்காரர் பின்னால் தொங்கவிட்டிருந்த வெல்வெட் திரையும் அதே மெரூன். ஆல்பத்தைப் புரட்டினால் என் தலையும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. என் மனைவியின் ரவிக்கை முன்பக்கம் முழுக்க ஆரி வேலை. மூன்று வாரம் தைத்தார்கள். மாலை போட்டதும் அவ்வளவும் மாலைக்குள் போய்விட்டது. இன்றுவரை அந்த வேலைப்பாட்டைப் பார்த்த ஒரே ஆள் தையல்காரர்தான்.

அப்போது நாங்கள் யாரும் இதைத் தவறு என்று நினைக்கவில்லை. "கல்யாணம்னா நாலு இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டோம்.

பிறகு 2022-இல் என் தங்கைக்கு வரன் அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் போனில், "அண்ணா, நான் ஒரு ஸ்டைலிஸ்ட் வச்சுக்கலாம்னு இருக்கேன். நாற்பதாயிரம் கேக்கறாங்க. என் காசுதான்" என்றாள். அது அப்போது ஏறக்குறைய ஒரு பவுன் விலை. அப்பாவிடம் சொன்னதும் அவர் முதலில் சொன்னதும் அதுதான். "அந்தக் காசுக்கு ஒரு பவுன் சேர்த்துப் போடலாமே? உங்க அம்மாவுக்கு யாரு வந்து உடுத்திவிட்டாங்க?" நானும் சேர்ந்துகொண்டேன். "பியூட்டி பார்லர்ல ஆள் வரப்போறாங்க, கடையில புடவை எடுத்துக் குடுப்பாங்க, நடுவுல இன்னொரு ஆள் எதுக்கு?" என்று அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அதே வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு கட்சிக்காரர் வந்தார். ஆயிரத்து இருநூறு சதுர அடியில் வீடு. டிராயிங்குக்கும் ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்கும் நான் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "எங்க மேஸ்திரிக்கு முப்பது வருஷ சர்வீஸ் சார். அவரு பாத்தாலே எவ்வளவு கம்பின்னு சொல்லிடுவாரு. பேப்பர்ல கோடு போடறதுக்கு இவ்வளவா?" என்று எழுந்து போய்விட்டார். இங்கே உட்கார்ந்திருக்கும் சிவில்காரர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். மேஸ்திரி அங்கங்கே அதிகக் கம்பி போடுவான், வேண்டிய இடத்தில் போட மாட்டான், டிசைனுக்குக் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு இரும்பிலே போகும் என்று அடுக்கினேன்.

அவர் தோசையைத் திருப்பிக்கொண்டே, "அதையேதானே நீங்க உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்க?" என்றார்.

நண்பர்களே, அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை தங்கைக்கு நானே போன் செய்து, வைத்துக்கொள் என்று சொன்னேன்.

வந்தவர் முப்பது வயதுப் பெண். சென்னை நிஃப்டில் படித்தவர். டெல்லியில் 1986-இல் தொடங்கிய அந்த நிறுவனம், 1995-இல் சென்னைக்கு வந்தது. 2006-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் தகுதியும் பெற்றது. உடை என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு துறை என்பதை நாம் வெகுகாலம் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர் விருதே உடைக்காகத்தான். 'காந்தி' படத்தின் உடை வடிவமைப்புக்காக 1983-இல் பானு அதையா அதைப் பெற்றார்.

அந்தப் பெண் கையில் நகைப் பெட்டியோ மேக்கப் பெட்டியோ இல்லை. ஒரு நோட்டும், அளவு டேப்பும்தான். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மேக்கப் போடுபவர் வேறு, தைப்பவர் வேறு, ஸ்டைலிஸ்ட் வேறு. கட்டடத்தில் கொத்தனார், பெயின்டர், டிசைன் செய்பவர் என்று மூன்று பேர் இருப்பது போல.

முதல்நாள் அவர் உடையைப் பற்றிப் பேசவே இல்லை. கேள்விகள்தான். மண்டபம் ஏ.சி.யா? மணவறை எந்தத் திசை பார்த்திருக்கிறது? முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அப்போது வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? மேடையில் விளக்கு மஞ்சள் ஒளியா, வெள்ளை ஒளியா? எந்தெந்தச் சடங்கு, எதற்கு எவ்வளவு நேரம்? பெண் எவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்? நடுவில் புடவை மாற்ற எத்தனை நிமிஷம் கிடைக்கும்? மாலை எவ்வளவு கனமாகக் கட்டுவீர்கள்? அம்மா எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, "என்னடா இது, போலீஸ் மாதிரி விசாரிக்குது?" என்றார். நான், "இல்லம்மா, இதுதான் சாயில் டெஸ்ட்" என்றேன்.

இரண்டாவது சந்திப்பில் அவர் ஒரே ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சடங்குக்கும் எதிரே புடவை, ரவிக்கை, நகை, பூ, செருப்பு, மாற்றும் நேரம். அம்மா பட்டியலில் ஏழு புடவை இருந்தது. அவர் நாலாகக் குறைத்தார். "ஆன்ட்டி, இந்த மூணையும் மாத்திக் கட்ட உங்க பொண்ணுக்கு நேரமே இல்ல. கட்டினாலும் பத்து நிமிஷம்தான்" என்று கடிகாரக் கணக்குக் காட்டினார். நலங்குக்குப் புதுப் புடவைக்குப் பதிலாக அம்மாவின் 1986 முகூர்த்தப் புடவையையே கட்டலாம் என்றார். அரக்கு நிறக் காஞ்சிபுரம். முப்பத்தாறு வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்ததால் மடிப்பு வழியே பட்டு நைந்திருந்தது. அந்த இடங்களில் பின்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொன்னார். அன்று அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்துக்கு நான் மதிப்பீடு போட முடியாது.

ரவிக்கையில் முன்பக்க ஆரி வேலையை அடியோடு எடுத்துவிட்டார். "மாலை மறைக்கிற இடத்துல காசைப் போடாதீங்க. முதுகும் கை விளிம்பும்தான் எல்லாரும் பார்க்கறது. தாலி கட்டும்போது கேமரா பின்னாலயும் நிக்கும்." நான் என் மனைவியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பட்டுக் கடைக்கும் கூட வந்தார். சரிகை என்றால் அசலில் பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதனால்தான் கல்யாணப் புடவைக்கு அந்தக் கனம். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த 'சில்க் மார்க்' முத்திரை பட்டு அசல் என்பதைத்தான் சொல்லும். சரிகைக்கு அது சாட்சி இல்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பிடித்த புடவையைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்ய விடவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மஞ்சள் விளக்கு ஒன்றின் அடியிலும் விரித்துப் பார்த்தார். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். மஞ்சள் விளக்கு 3,000 கெல்வினுக்குள். ஓர் ஒளியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னோர் ஒளியில் வேறுவேறாகப் போய்விடும். புடவையும் ரவிக்கையும் கடையில் பொருந்தி, மண்டபத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். அம்மா, "எங்க அம்மாவும் புடவையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குத்தான் போவாங்க" என்றார். பாட்டிக்குக் கெல்வின் தெரியாது. ஆனால் செய்முறை தெரிந்திருந்தது.

இனி சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "தாராளமா சொல்லுண்ணா" என்றாள்.

1997 தீபாவளி. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு நாலு. நான் பற்றவைத்த புஸ்வாணம் ஒன்று எரியாமல் நின்றுவிட்டது. "போய்ப் பாரு" என்று அவளை அனுப்பியவன் நான். அவள் குனிந்தபோது வெடித்தது. முகம் தப்பியது. வலது கையில் முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் முழுக்கை போட்டுத்தான் போனாள். நெருப்புப் பக்கம் வரமாட்டாள். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அவளிடம் பேசியதில்லை.

ரவிக்கை அளவெடுத்த அன்று அத்தை சொன்னார், "முழுக்கையா தச்சிடுங்க. இல்லன்னா மேக்கப்ல மூடிடலாம்." அம்மா, வங்கியைப் பெரிசாகப் போட்டு மறைக்கலாம் என்றார். நான், போட்டோகிராபரிடம் இடப்பக்கமாகவே எடுக்கச் சொல்லலாம் என்றேன். ஆளுக்கொரு யோசனை. அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தங்கையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

தங்கை சொன்னாள்: "மறைக்கவும் வேணாம்க்கா, காட்டவும் வேணாம். அரிக்காம இருந்தா போதும்."

ஆழமாகச் சுட்ட தழும்பில் சரியாக வேர்க்காது. சூடு தங்கும், உரசினால் அரிக்கும். மேலே சரிகையும் ஆரி நூலும் உள்பக்கம் குத்திக்கொண்டிருந்தால் ஹோமப் புகையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. இது அவள் ஒருத்திக்கே தெரிந்த விஷயம். நாங்கள் எல்லோரும் பார்வையாளர்களின் கண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் வேலை சுலபமாக நடந்தது. முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. உள்ளே மெல்லிய மல் துணி. வேலைப்பாடு கையின் விளிம்பில் மட்டும், அதுவும் உள்பக்க முடிச்சுகளை மூடித் தைத்தது. வங்கி இடது கைக்கு மட்டும். வலது கைக்கு எடை குறைந்த வளையல். மருதாணி உள்ளங்கையோடு சரி. தழும்பின்மேல் மேக்கப் கிடையாது. மற்ற இடத்துக்குப் போடுவதையும் ஒரு வாரம் முன்பே கையில் சிறிது தடவி, இரண்டு நாள் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்கூடத்தில் ஒன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். நாங்கள் இதை 'லோடு டெஸ்ட்' என்போம்.

அப்பாவையும் விடவில்லை. அவருக்கு முழங்கால் வலி. பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்பார். வேட்டியின் உள்ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்துக் கொடுத்தார். ஒரு பவுனைப் பற்றிய பேச்சை அப்பா அன்றோடு நிறுத்தினார்.

முகூர்த்தத்தன்று பொரியிடும் சடங்கு. உங்களுக்குத் தெரியும், பெண்ணின் சகோதரன்தான் பொரி எடுத்துப் பெண்ணின் கையில் போட வேண்டும், அவள் அதை அக்கினியில் இட வேண்டும். நான் முறத்தோடு நின்றேன். எதிரே நெருப்பு. தங்கை இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு அப்படியே வெளிச்சத்தில் இருந்தது. அவள் அதை இழுத்து மூடவில்லை. புடவைத் தலைப்பைத் தேடவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. "கொட்டாம போடு அண்ணா" என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வலப்பக்கமாக எடுத்தது.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். பொறியாளர் கூட்டத்தில் அதைச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். குறைந்த மூன்று புடவை, நிறுத்திய ஆரி வேலை, வாங்காமல் விட்ட கவரிங் செட்டு எல்லாம் சேர்த்தால் அவருக்குக் கொடுத்த தொகையில் பாதிக்குமேல் அங்கேயே திரும்பிவிட்டது. முழுவதும் வந்தது என்று சொன்னால் அது பொய். மீதியை நான் நிம்மதிக்குக் கொடுத்த விலை என்று எழுதிக்கொண்டேன்.

எல்லோருக்கும் இது அவசியமா? இல்லை. கோயிலில் எளிமையாக நடக்கும் கல்யாணத்துக்கு, இரண்டு புடவையோடு முடியும் வீட்டுக்கு வேண்டியதில்லை. கடன் வாங்கி வைக்கவே கூடாது. வீட்டில் நிதானமான ரசனையும் நேரமும் உள்ள ஓர் அக்காவோ சித்தியோ இருந்தால் அவரே போதும். நல்ல மேஸ்திரிகளும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பல சடங்கு, பல ஊர், இரு வீட்டுப் பழக்கம், உடம்பில் ஏதேனும் தொந்தரவு, யாருக்கும் நேரமில்லை என்ற நிலை இருந்தால் யோசியுங்கள்.

வைப்பதானால் சில வார்த்தைகள். 'ஸ்டைலிஸ்ட்' என்று போர்டு மாட்ட யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே முன்பு செய்த கல்யாணங்களின் படத்தை மட்டும் பார்க்காமல், அந்த வீட்டார் ஒருவரிடம் பேசுங்கள். கடைகளிடம் கமிஷன் வாங்குவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். வாங்குபவர் உங்கள் பக்கம் நிற்க முடியாது. என்னென்ன வேலை, எத்தனை முறை வருவார், முகூர்த்தத்தன்று இருப்பாரா, தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டால், கூரை போட்ட பிறகு அஸ்திவாரம் கேட்ட கதைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சந்திப்பில் அவர் அதிகம் பேசுகிறாரா, அதிகம் கேட்கிறாரா என்று கவனியுங்கள். பேசிக்கொண்டே இருப்பவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலாண்டில் எங்களுக்கு டிராயிங் எடுத்த பேராசிரியர் ஐயா இதோ இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, வகுப்புக்கு வகுப்பு நீங்கள் சொல்வீர்கள், "ஸ்கேலைத் தொடறதுக்கு முன்னாடி கேள்வி கேளுடா" என்று. உங்களிடம் நாலு வருஷம் படித்தவன், சொந்தத் தங்கை விஷயத்தில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு நின்றேன். கேள்வியை வேறொருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது. அதற்காகக் கொடுத்த நாற்பதாயிரம் எனக்கு அதிகமாகப் படவில்லை.

இன்னொன்று. டிராயிங் வேண்டாம் என்று எழுந்து போன அந்தக் கட்சிக்காரர் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மாடிப்படி தலையில் இடிக்கிறதாம். கட்டணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. அவர் பேசியதை நானும் பேசியிருக்கிறேன் அல்லவா?